பிடித்த முயலுக்கு மூன்று கால்: குழந்தைகளிடம் நெகிழ்வான சிந்தனையை வளர்க்கும் முறைகள்

பல ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு சிறுமி கடன் வாங்கிக் கழிக்கவில்லை. நோட்டின் ஓரத்தில் ‘38, 40, 52’ என்று மூன்று எண்களை வரிசையாக எழுதி, அவற்றுக்கு இடையில் 2, 12 என்று குறித்து, கீழே 14 என்று விடை எழுதிக் கொண்டுவந்தாள். விடை சரிதான், வழிதான் நான் கற்றுக்கொடுத்தது இல்லை. ‘கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வா’ என்று சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். சற்று நேரத்தில் 26 என்ற விடையோடு வந்து நின்றாள். பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்க மறந்து, 8இலிருந்து 2ஐக் கழித்திருந்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அன்று சாதித்தது அந்தக் குழந்தை இல்லை, நான்தான் என்பது எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின.

நெகிழ்வான சிந்தனை என்பதைப் பலர் புத்திசாலித்தனம் என்றோ கற்பனை வளம் என்றோ புரிந்துகொள்கிறார்கள். அது அவற்றோடு தொடர்புடையதே தவிர, அவையே அன்று. ஒரு வழி பயன்படாதபோது அதைக் கைவிட்டு வேறு வழிக்கு மாறுவது, ஒரே பொருளை இரண்டு கோணங்களில் பார்ப்பது, திட்டம் மாறும்போது மனத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் அடேல் டயமண்ட் 2013இல் எழுதிய விரிவான மீள்பார்வைக் கட்டுரை, மூளையின் நிர்வாகத் திறன்கள் என்று மூன்றைக் குறிப்பிடுகிறது: தகவலை மனத்தில் நிறுத்திக்கொண்டே வேலை செய்வது, முந்திக்கொண்டு வரும் செயலை அடக்குவது, தேவைப்படும்போது மாறிக்கொள்வது. மூன்றாவது திறன் முதல் இரண்டின் மேல் எழுவது. புதிய விதியை நினைவில் வைத்துக்கொள்ளவும் பழைய விதியின் இழுப்பை அடக்கவும் முடிந்தால்தான் குழந்தையால் மாற முடியும். இத்திறன்களுக்கு முதன்மையான இடமாகிய மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதால், நான்கு வயதுக் குழந்தையிடம் பெரியவர்களுக்குரிய மாற்றத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது.

அறிவது வேறு, மாறுவது வேறு

பெற்றோரும் ஆசிரியரும் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு சோதனையை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். பிலிப் டேவிட் செலாசோவும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற அட்டை பிரிக்கும் சோதனை அது. பின்னாளில் பரவலான வடிவத்தில், குழந்தையின் முன் இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்றில் நீல முயல் படமும் மற்றொன்றில் சிவப்புப் படகு படமும் ஒட்டப்பட்டிருக்கும். குழந்தையின் கையில் சிவப்பு முயல், நீலப் படகு அட்டைகள் தரப்படும். முதலில் நிறத்தைப் பார்த்துப் போடச் சொல்வார்கள். சிவப்பு முயல் சிவப்புப் படகுத் தட்டுக்குப் போகும். சில அட்டைகளுக்குப் பின், ‘இனி நிறம் வேண்டாம், உருவத்தைப் பார்த்துப் போடு’ என்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் சிவப்பு முயலை மீண்டும் சிவப்புத் தட்டிலேயே போடுவார்கள். ஒவ்வொரு முறையும் புதிய விதியைச் சொல்லிக்கொடுத்தாலும் அப்படித்தான். வியப்பு என்னவென்றால், ‘உருவ விளையாட்டில் முயல் எந்தத் தட்டுக்குப் போக வேண்டும்?’ என்று கேட்டால் அதே குழந்தை சரியான தட்டைக் காட்டும். அடுத்த நொடியே கையிலுள்ள அட்டையைத் தவறான தட்டில் போடும். ஐந்து வயதுக்குள் பெரும்பாலோர் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

‘எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை’ என்று நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் புலம்பலுக்கு இந்தச் சோதனையில் ஒரு பதில் இருக்கிறது. குழந்தை கேட்கிறது, விதியைத் திருப்பியும் சொல்கிறது. ஆனால், அறிந்தது கைக்கு இறங்கவில்லை. ஆகவே ஐந்தாவது முறையும் அதே விதியை உரத்த குரலில் சொல்வதால் பயனில்லை. அடேல் டயமண்டும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு பயனுள்ள ஒரு வழியைக் காட்டியது. அட்டையில் இருப்பது என்ன என்பதைப் பெரியவர் சொல்லாமல், ‘இது என்ன உருவம்?’ என்று கேட்டு, குழந்தையையே சொல்ல வைத்தபோது, மூன்று வயதினரில் கூடுதலானோர் சரியாக மாறினார்கள். கீழே நான் சொல்லப்போகும் முறைகளில் பாதி இந்த ஒரே உத்தியின் வெவ்வேறு வடிவங்கள்: புதிய விதியை நாம் சொல்லாமல், குழந்தையின் வாயால் வரவழைப்பது.

வீட்டில் தொடங்கும் முறை

இதே சோதனையை வீட்டில் விளையாட்டாக ஆடலாம். விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெரிய சிவப்பு மூடிகளும் சிறிய நீல மூடிகளுமாகப் பாட்டில், டப்பா மூடிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிண்ணங்களை எடுத்து, ஒன்றின் முன் ஒரு பெரிய நீல மூடியையும் மற்றொன்றின் முன் ஒரு சிறிய சிவப்பு மூடியையும் அடையாளமாக வையுங்கள். முதல் ஆறு மூடிகளை நிறப்படி பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு அளவுப்படி பிரிக்கச் சொல்லுங்கள். குழந்தை பழைய கிண்ணத்துக்கே கையைக் கொண்டுபோனால் ‘இல்லை’ என்று சொல்லாமல், ‘இது பெரிதா, சிறிதா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘பெரிசு’ என்று சொல்லி முடிப்பதற்குள் கை பாதி வழியில் நின்று திரும்புவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுக்கு மேல், கைதட்டினால் விதி மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு வயதுக்கு மேல் விளையாட்டில் இடம் மாறிக்கொள்ளுங்கள்: குழந்தை மனத்துக்குள் ஒரு விதியை வைத்துக்கொண்டு, நீங்கள் போடும் ஒவ்வொரு மூடிக்கும் ‘சரி’, ‘தப்பு’ என்று மட்டும் சொல்லட்டும்; நடுவில் சொல்லாமல் விதியை மாற்றிக்கொள்ளவும் அதற்கு உரிமை உண்டு. 1948இல் கிராண்ட், பெர்க் என்னும் இருவர் உருவாக்கிய, இன்றும் மருத்துவமனைகளில் பயன்படும் விஸ்கான்சின் அட்டைச் சோதனையின் சாரம் இதுதான். அப்பா பழைய விதியிலேயே மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்ப்பதில் குழந்தைகளுக்கு இருக்கும் இன்பம் தனி.

இருந்தாலும் வீட்டில் உண்மையான சோதனை விளையாட்டில் வருவதில்லை. கடற்கரைக்குப் போவதாகச் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யும்போதும், வழக்கமாக வரும் ஆட்டோ வராதபோதும், எப்போதும் பால் குடிக்கும் மஞ்சள் டம்ளர் கழுவப்படாமல் கிடக்கும்போதும்தான் வருகிறது. அப்போது எழும் அழுகையை ‘அடம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். இப்படிப்பட்ட நேரங்களுக்காக முன், நடு, பின் என மூன்று கட்டங்களில் தயாராக வேண்டும். பெரும்பாலான பெற்றோர் தங்கள் முழு முயற்சியையும் நடுக்கட்டத்தில் செலவழிக்கிறார்கள்; பயன் மிகக் குறைவாகக் கிடைக்கும் கட்டமும் அதுதான்.

முன்கட்டத்தில், திட்டத்தைச் சொல்லும்போதே அதற்குள் ஒரு கேள்வியையும் வைத்துவிட வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிறோம். ஒருவேளை மழை வந்தால் என்ன செய்யலாம்?’ இதற்குப் பதிலைக் குழந்தையே சொல்லட்டும். பாட்டி வீடு, வீட்டுக்குள் கூடாரம், எதுவானாலும் அதன் வாயிலிருந்து வர வேண்டும். சனிக்கிழமை இரவு ஒரு முறை நினைவூட்டும்போதும், ‘மழை வந்தால் என்று ஏதோ சொன்னாயே, என்ன அது?’ என்று கேட்டால் போதும். இப்படிச் சொல்லி வைத்த மாற்று இருக்கும்போதும் குழந்தை அழக்கூடும். ஆனால், அழுகை ஓய்ந்த பின் போய்ச் சேர ஓர் இடம் ஏற்கெனவே இருக்கும்.

நடுக்கட்டத்தில், அதாவது குழந்தை வீறிட்டு அழும்போது, பாடம் நடத்தவே கூடாது. அந்த நேரத்தில் மூளையின் சிந்திக்கும் பகுதி நம் பேச்சைக் கேட்கும் நிலையில் இல்லை. ‘போக முடியாமல் போனது வருத்தம்தான்’ என்று ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு அருகில் இருப்பதே போதுமானது. சற்றுத் தணிந்ததும் இரண்டு வாய்ப்புகளை மட்டும் தரலாம். இரண்டும் உண்மையான வாய்ப்புகளாக இருக்க வேண்டும். ‘சும்மா இருக்கிறாயா, அடி வாங்குகிறாயா’ என்பது வாய்ப்பு ஆகாது.

பின்கட்டம் அன்று இரவு படுக்கையில் நிகழ வேண்டும். ‘மழை பெய்தது, உனக்கு அழுகை வந்தது, அப்புறம் என்ன நடந்தது?’ என்று கதைபோலக் கேட்டால், குழந்தை தான் மாறிய நொடியைத் தானே கண்டுகொள்ளும். இந்தப் பேச்சில் குற்றம் சாட்டும் தொனி துளி வந்தாலும் அடுத்த இரவு கதை வராது.

இங்கு ஒரு முரணையும் சொல்ல வேண்டும். குழந்தையை நெகிழ்வாக்குவதற்காக வீட்டின் ஒழுங்கையே கலைத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. உறங்கும் நேரம், உண்ணும் நேரம், பள்ளிவிட்டு வந்ததும் யார் வீட்டில் இருப்பார் என்பன உறுதியாக இருக்கும் குழந்தைக்கே மற்ற மாற்றங்களைத் தாங்க மனம் இருக்கும். அந்த உறுதியான சட்டகத்துக்குள், ஒரு நேரத்தில் ஒரு சிறு மாற்றத்தை மட்டும் நாமாகவே கொண்டுவரலாம்: பள்ளிக்கு ஒரு நாள் வேறு தெரு வழியாக நடப்பது, இட்லியைத் தட்டுக்குப் பதில் வாழையிலையில் பரிமாறுவது, தூங்கும்முன் கேட்கும் கதையை ஒரு நாள் குழந்தையையே சொல்லச் சொல்வது. பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் வேளையில் எந்த மாற்றத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பெரியவர்கள் தங்கள் மனமாற்றத்தை வாய்விட்டுச் சொல்வதும் ஒரு பயிற்சியே. ‘சாம்பார் வைக்கலாம் என்று நினைத்தேன், புளி தீர்ந்துவிட்டது, சரி, எலுமிச்சை ரசம் வைத்துவிடலாம்’ என்று அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் அம்மா, மாறுவது எப்படி என்பதை முழுதாகச் செய்து காட்டுகிறார். நம் வீடுகளில் இதை அப்பாக்கள் செய்வது அரிது. ‘நான் சொன்னது தவறு, நீ சொன்ன வழியே சுருக்கம்’ என்று குழந்தையின் முன் ஒரு தந்தை சொன்னால், அதன் விளைவு பத்து விளையாட்டுகளுக்கு ஈடாகும்.

சொல்லும் காயும்

நெகிழ்வுக்குத் தமிழே நல்ல பயிற்சிக் களம். ‘அளவுகோலில் இருக்கும், குறளில் இரண்டு இருக்கும், பானையில் கருகும், தம்பிக்குக் கொடுத்தால் அழுவான், அது என்ன?’ என்று இரவு உணவின்போது கேட்டுப் பாருங்கள். ‘அடி’ என்ற விடை வருவதற்குள் குழந்தையின் மனம் ஒரே சொல்லை நான்கு முறை திருப்பிப் பார்த்திருக்கும். ஆறு, படி, மாலை, கட்டு, திங்கள் என ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி ஒரு புதிரைக் குழந்தைகளே கட்டலாம். விடுகதையும் இதே வேலையைத்தான் செய்கிறது. கதவில்லாத வெள்ளை வீடு என்றதும் மனத்தில் எழும் வீட்டை விட்டுவிட்டால்தான் முட்டை தெரியும். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் காளமேகப் புலவரின் சிலேடைகளைக் காட்டலாம். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டு எப்படிப் பொருந்துகிறது என்று பிரித்துப் பார்க்கும்போது, ஆடிக் குடத்துக்குள் போவது ஒரு முறை பாம்பாகவும் மறுமுறை செக்கிலாடி எண்ணெயாய் வந்த எள்ளாகவும் மாறித் தெரியும். விடையை உடனே சொல்லிவிடும் பெரியவர்தான் இந்தப் பயிற்சிக்கு முதல் எதிரி.

ஆட்டங்களில் நான் முதலில் பரிந்துரைப்பது ஆடு புலி ஆட்டம். பரவலாக ஆடப்படும் முறையில் ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. புலி தாவி வெட்டும். ஆடு வெட்டாது, சூழ்ந்து நின்று புலியின் வழியை அடைக்கும். இரு தரப்புக்கும் இலக்கு வேறு, பலம் வேறு, யோசிக்கும் முறையே வேறு என்பதால், ஆளுக்கொரு ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும் என்பதைக் கட்டாய விதியாக்குங்கள். சற்றுத் தேறிய பிள்ளைகளுக்கு இன்னொரு விதி: ஆட்டத்தின் நடுவே, யாரேனும் வெல்லும் நிலையில் இருக்கும்போது, காய்களைத் தொடாமல் இடம் மாறி உட்கார வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு முன் தான் பூட்டிய பூட்டைத் தானே உடைக்க வேண்டிய நிலை வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

பொருள்களின் பயன் குறித்தும் ஒரு குறிப்பு. ஒரு பொருள் எதற்காகப் பயன்படுகிறதோ அதற்கு மட்டுமே உரியது என்று மனம் பூட்டிக்கொள்வதை கார்ல் டங்கர் 1945இல் வெளிவந்த ஆய்வில் விளக்கினார். பெட்டி நிறையப் பொருள் இருந்தால், அந்தப் பெட்டியை வேறு எதற்கும் பயன்படுத்தலாம் என்பது பெரியவர்களுக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. 2000இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் பூட்டு ஆறு, ஏழு வயதினரிடம் காணப்பட்டது, ஐந்து வயதினரிடம் காணப்படவில்லை. ஆகவே கொட்டாங்குச்சி, அட்டைப்பெட்டி, பழைய புடவை ஆகியவற்றைக் குப்பைக்கு அனுப்பும்முன் ஒரு வாரம் குழந்தையின் கையில் கொடுங்கள். எதற்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வகுப்பறையில்

பள்ளியில் இதற்கெனத் தனி பாடவேளை தேவையில்லை. கணக்கு வகுப்பின் முதல் பத்து நிமிடம் போதும். கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதுங்கள். நோட்டு, பென்சில் எதுவும் கையில் இருக்கக் கூடாது. விடை தெரிந்தவர்கள் கையை உயர்த்தாமல், கட்டைவிரலை நெஞ்சருகே வைத்துக் காட்டட்டும். கையை உயர்த்தச் சொன்னால், முதல் கை எழுந்ததுமே மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எல்லோரும் ஒரு விடைக்கு வந்த பின், ‘எப்படி வந்தது?’ என்று கேட்டு, சொல்வதை அப்படியே பலகையில் எழுதுங்கள்.

அந்த 52, 38 கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை 38இலிருந்து 40க்கு 2, அங்கிருந்து 52க்கு 12 என்று ஏறி வருவான். இன்னொருத்தி 40ஐக் கழித்துவிட்டு, கூடுதலாகக் கழித்த 2ஐத் திருப்பிச் சேர்ப்பாள். மூன்றாமவன் இரண்டு எண்ணிலும் 2ஐக் கூட்டி, 54இலிருந்து 40ஐக் கழிப்பான். கடன் வாங்குபவர்களும் இருப்பார்கள். எது சரி என்ற தீர்ப்பைச் சொல்லாமல், எழுதிய ஒவ்வொரு வழிக்கும் அதைச் சொன்ன குழந்தையின் பெயரைச் சூட்டுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பல வழிகளைக் காட்சிக்கு வைப்பதோடு நின்றால், ஒவ்வொரு பிள்ளையும் தன் வழியோடு வீட்டுக்குப் போய்விடும். அடுத்த கணக்கை, எடுத்துக்காட்டாக 61இலிருந்து 29ஐ, பக்கத்தில் இருப்பவரின் வழியில் போடச் சொல்ல வேண்டும். பயிற்சி அப்போதுதான் தொடங்குகிறது. அதன்பின் 503இலிருந்து 498, 500இலிருந்து 3 என்று இரண்டு கணக்குகளைத் தந்து, எதற்கு எந்த வழி சுருக்கம் என்று கேளுங்கள். கடன் வாங்கியே பழகிய பிள்ளை 503இல் பூச்சியத்தைக் கடந்து கடன் வாங்கிக்கொண்டிருக்கும்போது, மற்றொரு பிள்ளை 499, 500 என்று விரல்விட்டு 5 என்று முடித்திருக்கும்.

ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். எண்களில் இன்னும் தடுமாறும் பிள்ளைக்கு நான்கு வழிகளை ஒரே நாளில் காட்டுவது, நீந்தத் தெரியாதவனை நான்கு குளங்களில் தள்ளுவது போன்றது. தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், அரும்பு என்னும் தொடக்க நிலையில் உள்ள குழந்தை, முதலில் ஒரு வழியில் காலூன்றட்டும். அதன் தோழர்கள் வேறு வழிகளைப் பேசும்போது அருகில் அமர்ந்து கேட்பதே அதற்கு அப்போதைக்குப் போதுமானது.

ஐந்தாம் வகுப்புக்கு மேல், ஏபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட குடக் கணக்குகளைத் தவறாமல் நடத்திப் பார்க்கலாம். மூன்று குடங்களின் கொள்ளளவைச் சொல்லி, குறிப்பிட்ட அளவு நீரை அளந்தெடுக்கச் சொல்வதே கணக்கு. முதலில் 21, 127, 3 லிட்டர் குடங்களைக் கொண்டு 100 லிட்டர் எடுக்க வேண்டும். நடுக்குடத்தை நிரப்பி, முதல் குடத்துக்கு ஒரு முறையும் மூன்றாம் குடத்துக்கு இரு முறையும் ஊற்றிவிட்டால் 100 மிஞ்சும். அடுத்து 18, 43, 10 குடங்களில் 5 லிட்டர். 9, 42, 6 குடங்களில் 21 லிட்டர். 20, 59, 4 குடங்களில் 31 லிட்டர். எல்லாவற்றுக்கும் அதே சூத்திரம் பலிக்கும். வகுப்பு உற்சாகமாக வேகம் பிடித்திருக்கும் அந்த நேரத்தில் 23, 49, 3 குடங்களைக் கொடுத்து 20 லிட்டர் கேளுங்கள். ஏறத்தாழ எல்லோரும் நடுக்குடத்தை நிரப்பி மூன்று முறை ஊற்றுவார்கள். விடை வரும். 23இலிருந்து 3ஐ ஊற்றினால் முடிந்துவிடும் என்பது யார் கண்ணிலும் படாது. அதை நீங்களும் சொல்லிவிடாமல், அடுத்ததாக 28, 76, 3 குடங்களில் 25 லிட்டர் கேளுங்கள். இங்கே பழைய சூத்திரம் 42 என்று தந்து கைவிட்டுவிடும். நான் நடத்திய வகுப்புகளில் கணக்கில் முதலிடம் பெறும் பிள்ளைகளே இந்த இடத்தில் நெடுநேரம் மாட்டிக்கொண்டார்கள். சூத்திரத்தைச் சரியாகப் பிடிக்காமல் பின்தங்கியிருந்த ஒரு பையன்தான் ‘28இலிருந்து 3 போனா 25தானே சார்’ என்றான். அதன்பின் முந்தைய கணக்கை அவர்களாகவே திரும்பிப் பார்த்தார்கள். லூச்சின்ஸ் தம் சோதனையில் சிலரைக் கண்மூடித்தனமாகச் செய்யாதே என்று தாளில் தாங்களே எழுதிக்கொள்ளச் சொன்னார். அது சிலருக்கு உதவியது. நான் அதை ‘வேறு வழி உண்டா?’ என்று மாற்றி, கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுத வைக்கிறேன்.

சமூக அறிவியலில் பக்கம் மாறிப் பேசுவதற்கு நம் ஊர்ப் பாசனமே நல்ல பொருள். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டால், தலைமடை விவசாயிக்கும் கடைமடை விவசாயிக்கும் அந்தத் தண்ணீர் ஒரே நாளில் கிடைப்பதில்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்து, நீர் குறைவான ஆண்டில் முறை வைப்பது எப்படி என்று பத்து நிமிடம் வாதாடச் சொல்லுங்கள். பிறகு இடம் மாற்றி, எதிர்த்தரப்பு இதுவரை சொல்லாத ஒரு புதிய காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். ஏற்கெனவே கேட்டதையே திருப்பிச் சொல்ல விட்டால் அது மனப்பாடப் பயிற்சியாகிவிடும்.

கட்டுரை, கடிதம் ஆகியவற்றில் உரைநூலில் உள்ளதை வரிக்கு வரி எழுதினால்தான் முழு மதிப்பெண் என்ற நிலை இருக்கும்வரை, மேற்சொன்ன எந்த முயற்சியும் பாதிதான் பலிக்கும். பொதுத் தேர்வின் விடைக்குறிப்பை ஓர் ஆசிரியர் மாற்ற முடியாது. தம் வகுப்புத் தேர்வில் ஒரு வினாவையாவது ‘இரண்டு வழிகளில் விடை காண்க’ என்று கேட்டு, இரண்டாவது வழிக்கும் மதிப்பெண் வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எதில் நெகிழக் கூடாது, எப்போது உதவி கேட்க வேண்டும்

சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிப்பது, மின்சாரத்தைத் தொடாதிருப்பது, அடுத்தவரை அடிக்காதிருப்பது போன்றவற்றில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. குழந்தை கெட்டிக்காரத்தனமாக வாதாடுகிறது என்பதற்காக இவற்றைத் தளர்த்துவது நெகிழ்வு ஆகாது. மூளைக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்யும் கைப்பேசிச் செயலிகளிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. அவற்றில் பழகும் குழந்தை அந்த விளையாட்டில் தேர்ச்சி பெறுகிறது. அந்தத் தேர்ச்சி அன்றாட வாழ்க்கைக்குத் தாவுவதற்கான சான்றுகள் வலுவாக இல்லை.

முன்னேற்றத்தை அளக்க ஒரு சிறு நோட்டு போதும். தேதி, என்ன மாறியது, குழந்தை மீண்டு வர எவ்வளவு நேரம் ஆயிற்று, மீளும்போது அதன் வாயில் வந்த சொல் என்ன என்று மட்டும் எழுதி வாருங்கள். அழுகை நின்றுவிடுவதை எதிர்பார்க்க வேண்டாம். நாற்பது நிமிட அழுகை இருபது நிமிடமாகக் குறைவதே நல்ல குறி. ‘சரி, அப்படின்னா...’ என்று குழந்தை தானாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் நாளை நோட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள்.

சில குழந்தைகளுக்கு ஒழுங்கு மாறுவது வெறும் எரிச்சலாக இராமல் பெரும் துன்பமாகவே இருக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஒரே ஒழுங்கு என்பது புரியாத உலகில் பிடித்து நிற்கும் கம்பி. அதைப் பிடுங்கிப் பயிற்சி தருவது தவறு. படங்களால் ஆன நாள்நிரல், மாற்றத்தை மிக முன்னதாகவே படத்தில் காட்டுவது, மிகச் சிறு படிகள் ஆகியவை அவர்களுக்கு உதவும். கவனக்குறைவு மிகுசெயல்பாடு உள்ள பிள்ளைகளுக்கு விதியை நினைவில் நிறுத்துவதே கடினமாக இருப்பதால், அதை எழுதிக் கண்முன் ஒட்டி வைக்க வேண்டும். மாற்றத்தைத் தாங்காமல் உண்பது, உறங்குவது, பள்ளி செல்வது ஆகியவையே பாதிக்கப்பட்டு, பல மாதங்களாகியும் தணியவில்லை என்றால், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். வளர்ச்சி மதிப்பீடு தேவையா, எங்கே செய்துகொள்ளலாம் என்பதை அவர் சொல்வார். மருத்துவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளான எப்போது, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்பவற்றுக்கெல்லாம் விடை அதில் ஏற்கெனவே இருக்கும்.